சின்ன குண்டுதானே, என்ன ஆகிடும்?

நைட் டூட்டி முடிச்சு வந்து படுத்தா, டெக்சாஸ்ல இருக்கிற பெரியம்மா பையன் போன்.

"தம்பி, .22 ரிவால்வர் ஒண்ணு வாங்கப் போறேன். ஹெரிட்டேஜ் ரஃப் ரைடர் சீப்பு. ரூகர் சிங்கிள்-சிக்ஸ் மூணு மடங்குக்கு மேல விலை. சும்மா டின் டப்பாவைக் குறிபார்த்துச் சுடத்தான். சின்ன குண்டு, பெருசா ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகும்ணே.

உங்களுக்கும் சொல்றேன். 1981 மார்ச் 30 அன்று அமெரிக்க அதிபர் ரீகன் மேல் பாய்ந்தது இதே .22 குண்டு. சுட்டது ஒரு மலிவு ரிவால்வர். குண்டு நேராகக்கூட வரல. கார்ல பட்டுத் தெறிச்சு, இடது அக்குள் கீழே நுழைஞ்சுது. விலா எலும்பு உடைஞ்சிருக்கும்னுதான் முதல்ல நினைச்சாங்க. உள்ளே நுரையீரலைக் கிழிச்சு, இதயத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்னிருந்தது. உடம்புல இருந்த ரத்தத்துல பாதிக்கு மேல் போயிடுச்சு.

வெளியே தெரியும் ஓட்டையை வெச்சு உள்சேதத்தை எடை போடக் கூடாது. தடய மருத்துவத்தில் படிச்ச பாலபாடம்.

சரி, எதை வாங்கறது? ரெண்டுமே சிங்கிள் ஆக்‌ஷன். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் ஹேமரை இழுக்கணும். சிங்கிள்-சிக்ஸ் ஸ்டீல், உழைக்கும். டப்பா சுட ரஃப் ரைடரே போதும்.

நான் பார்த்தது வேற. இப்போ வர்ற சிங்கிள்-சிக்ஸ்ல ட்ரிகரை இழுத்தாதான் ட்ரான்ஸ்ஃபர் பார்னு ஒரு துண்டு மேலே வந்து, ஹேமரோட அடியை ஊசிக்குக் கடத்தும். கைதவறி விழுந்தாலும் ஹேமர் ஊசியைத் தொடாது. 1973க்கு முந்தைய சிங்கிள்-சிக்ஸ்ல இது கிடையாது. கீழே விழுந்தா வெடிக்கலாம்னு ஆறு அறையில் அஞ்சை மட்டும் நிரப்புவாங்க. பழசுக்கும் கம்பெனியே இலவசமா மாத்தித் தருது. செகண்ட் ஹேண்ட்ல 'பிரீமியம்'னு வாங்கறவங்க இதைக் கேட்கணும்.

ரஃப் ரைடர்ல பக்கவாட்டில் ஒரு சேஃப்டி லிவர். நாமதான் ஞாபகமா போடணும். மனுஷ ஞாபகத்தை நம்பற பாதுகாப்பு எப்படி இருக்கும்னு எங்க வார்டுல வந்து பாருங்க 😀

2019ல வந்த ரூகர் ரேங்லர் சிங்கிள்-சிக்ஸை விட ரொம்ப மலிவு. அதுலயும் அந்த ட்ரான்ஸ்ஃபர் பார் உண்டு. வாங்கியே ஆகணும்னா அதைப் பாருங்கன்னேன்.

"வாங்கி எங்கண்ணே வைப்பீங்க?"

"அலமாரி மேலதான்."

அவர் பையனுக்கு ஒன்பது வயசு. அதே அலமாரி மேல ஒளிச்சு வெச்ச டேப்லெட்டை ஸ்டூல் போட்டு எடுத்துட்டான்னு போன மாசம் சிரிச்சுக்கிட்டே சொன்னதும் இவர்தான். ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

முதல்ல பூட்டுப் பெட்டி வாங்குங்க, குண்டுகளைத் தனியா வேற இடத்துல பூட்டுங்க, துப்பாக்கி அப்புறம்னு சொல்லி வெச்சேன்.

நேத்து போட்டோ அனுப்பியிருக்கார். பெட்டி மட்டும் வந்திருக்கு.