பேரக் குழந்தைகளோடு பாவன நரசிம்மர் சந்நிதிக்கு

அகோபிலத்துக்கு நானும் என் மனைவியும் முதன்முறை சென்றது 2004-ஆம் ஆண்டு. வங்கியில் கிடைத்த நான்கு நாள் விடுப்பில், நடந்து நடந்து எட்டு நரசிம்மர்களைச் சேவித்துவிட்டோம். ஒன்பதாமவரான பாவன நரசிம்மர் நல்லமலைக் காட்டின் உட்புறத்தில் எழுந்தருளியிருக்கிறார். மேல் அகோபிலத்திலிருந்து மலைவழியே நடந்தால் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். அன்று மழை பிடித்துக்கொண்டது. "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று திரும்பினோம். அடுத்த முறை வருவதற்குள் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அவளுக்கு இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சையும் ஆகிவிட்டது.

இம்முறை எங்களோடு வந்தவர்கள் மகள் வயிற்றுப் பேரனும் பேத்தியும். பேரனுக்குப் பன்னிரண்டு வயது, பேத்திக்கு ஒன்பது. பெங்களூருவில் வளரும் பிள்ளைகள். முந்தைய விடுமுறையில் கும்பகோணத்தில் மூன்றாவது கோயிலுக்குள் நுழையும்போதே பேரன், "தாத்தா, நான் காரிலேயே உட்கார்ந்திருக்கேனே" என்று சொல்லிவிட்டான். ஆகவே இந்த முறை கோயில் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. "காட்டுக்குள் பாதையே இல்லாத இடத்தில் ஜீப்பில் போகப் போகிறோம்" என்றேன். பொய் அல்ல. ஆனாலும் விஷயத்தின் பாதியை மறைத்த குற்ற உணர்வு எனக்கு இருந்தது.

சென்னையிலிருந்து ரயிலில் கடப்பை, அங்கிருந்து மைதுகூர், ஆள்ளகட்டா வழியாகக் காரில் கீழ் அகோபிலம். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் பத்துப் பாசுரங்களால் மங்களாசாசனம் செய்த சிங்கவேள்குன்றம் இதுவே. போய்ச் சேருவதே அரிது என்று அப்பாசுரங்களில் ஆழ்வார் மீண்டும் மீண்டும் சொல்வதை இளம் வயதில் கவியின் மிகை என்று எண்ணியிருக்கிறேன். மறுநாள் காலை ஜீப்பில் ஏறிய கால் மணி நேரத்தில் அந்த எண்ணம் போயிற்று.

என் மனைவி பிரகலாதவரதர் சந்நிதியிலேயே தங்கிவிட்டாள். குலுக்கல் ஆகாது என்பது மருத்துவரின் கட்டளை. ஒரு சிறிய டப்பாவில் கற்கண்டும் துளசியும் வைத்துப் பேரனிடம் கொடுத்து, "பெருமாளிடம் நீயே சேர்த்துடு கண்ணா" என்றாள். அவன் அதைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைப் பிடிக்க ஓடினான்.

ஊரைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்தது. பின்பு மண் தடம். அதன்பின் அதுவும் இல்லை. ஓடைப்படுகையும் உருண்டைப் பாறைகளும்தான். ஜீப் வாங்கக் கடன் கேட்டு வந்த எத்தனையோ விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் தந்திருக்கிறேன். தவணை தவறிய ஜீப்புகளைப் பறிமுதல் செய்யவும் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்த வண்டி என்னவெல்லாம் படுகிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

ஓட்டுநர் ஐம்பது வயதைக் கடந்தவர். நெல்லூர்க் கிளையில் மூன்றாண்டு பணியாற்றியபோது கற்ற என் தெலுங்கு அன்று கைகொடுத்தது. பேரன் கேட்கும் கேள்விகளை நான் மொழிபெயர்க்க, அவர் பொறுமையாக விடை சொன்னார். நான்கு சக்கரங்களுக்கும் விசை போக ஒரு சிறிய நெம்புகோல். பாறையில் ஏறும்போது வேகம் கூடாது; முதல் கியரில், சக்கரம் கல்லைத் தானே பற்றி ஏறும்வரை காத்திருக்க வேண்டும். இறங்கும்போது கிளட்சை மிதிக்கவே கூடாது, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கின் உள்ளே கட்டைவிரலை விட்டால், கல்லில் சக்கரம் மோதித் திரும்பும் வேகத்தில் விரல் முறியும். "நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைக்காதே" என்பதும் அவர் சொன்னதே. அதை நான்தான் பின்பற்றத் தவறினேன்.

பாதி வழியில் ஓர் ஓடை. மறுகரை செங்குத்தாகத் தெரிந்தது. வண்டி ஒருபுறம் சாய்ந்தபோது பேத்தி என் கையை இறுகப் பற்றிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "பாட்டிகிட்டப் போகணும்." எனக்கும் நெஞ்சு படபடத்தது. மகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்ற நினைப்பு வந்தது. இருபது ஆண்டுக் காத்திருப்பு இருக்கட்டும், குழந்தையை வதைத்துப் பெறும் தரிசனம் வேண்டாம் என்று முடிவு செய்து, "வண்டியைத் திருப்பிவிடுங்கள்" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. எஞ்சினை நிறுத்தி, "பாப்பா இறங்கி நடக்கட்டும் சுவாமி. நான் வெறும் வண்டியை மேலே ஏற்றுகிறேன். அதைப் பார்த்த பின்பு அவளே சொல்லட்டும்" என்றார். எங்களோடு வந்த வழிகாட்டி இளைஞன் அவளைக் கைப்பிடித்து ஓடையைக் கடக்கச் செய்தான். கரைமேல் நின்று, அந்த வண்டி ஆமைபோல ஒவ்வொரு கல்லாக ஏறி வருவதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம், "இனிமே நான் முன்னாடி உட்காருவேன்" என்றாள். அவனும் எழுந்து இடம் விட்டான். அவர்கள் வீட்டில் இது அபூர்வம்.

ஜீப் நின்ற இடத்திலிருந்து சற்றே நடை. மரங்களுக்கிடையே சிறிய சந்நிதி, கூட்டம் இல்லை. ஆதிசேஷன் குடை பிடிக்க, பிராட்டியோடு வீற்றிருக்கிறார் பாவன நரசிம்மர். இப்பகுதியின் வேடர் குலமான செஞ்சுக்களின் மகளாகத் தாயார் பிறக்க, பெருமாள் அவளை மணந்தார் என்பது தலவரலாறு. ஆகவே அவர்களுக்கு இவர் வீட்டு மாப்பிள்ளை. இதைக் கேட்ட பேத்தி, "அப்போ சிங்கமாவா கல்யாணத்துக்கு வந்தார்?" என்றாள். அர்ச்சகர் சிரித்துவிட்டார். பேரன், யாரும் சொல்லாமலேயே, நசுங்கிய டப்பாவை எடுத்து இரு கைகளாலும் நீட்டினான். எனக்குக் கண் மறைத்தது. அந்த நிமிடம் பெருமாளைச் சரியாகச் சேவித்தேனா என்றே ஐயமாக இருக்கிறது.

குழந்தைகளை அழைத்துச் செல்லும் அன்பர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இது புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காடு. ஜீப்புகளை அனுமதிக்கிறார்களா என்பதைக் கீழ் அகோபிலத்தில் முதல் நாளே விசாரித்துக்கொள்வது அவசியம். மழைக்காலத்தில் முயல வேண்டாம். புறப்படுமுன் வயிறு நிறைய உணவு கூடாது. குடிநீர் போதிய அளவு வேண்டும். முதுகுவலி உள்ளவர்களும் இதய நோயாளிகளும் ஏறவே வேண்டாம். அவர்களுக்கு ஜீப்போ நடையோ இன்றிக் கீழ் அகோபிலத்திலேயே பிரகலாதவரதர் இருக்கிறார்.

திரும்பும் வழியில் ஓட்டுநர் மற்றொன்றும் சொன்னார். சங்கராந்தி கழிந்ததும் அகோபிலத்து உற்சவமூர்த்திகள் பல்லக்கில் ஏறி, சுற்றுவட்டாரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு எழுந்தருள்வார்கள். பாருவேட்டை உற்சவம் என்று பெயர். நாற்பது நாட்களுக்கு மேல் நடக்கும். பிரம்மோற்சவத்துக்கு வரும்படி ஊராரை அழைக்கப் பெருமாளே நேரில் வருவதாக ஐதீகம். அவருடைய ஊரிலும் பல்லக்கு இறங்குமாம்.

பேரன் இதைப் பாட்டியிடம், கடந்து வந்த ஓடைக்கும் முன்பாகச் சொன்னான். அவள் பிரசாதத் துளசியை வாயில் போட்டுக்கொண்டு, "தை மாசத்துல உனக்குப் பள்ளிக்கூடம் எத்தனை நாள் லீவு?" என்று கேட்டாள்.