பென்சில் கோடு

என் தந்தையார் அரசுப் பேருந்து ஓட்டுநர். பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் இடையே 26 ஆண்டுகள் பேருந்து ஓட்டினார். அது 64 கிலோமீட்டர் வழி. ஆழியாறு அணையைக் கடந்ததும் மலை தொடங்கிவிடும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். தந்தையாருக்கு அந்தப் பலகை தேவைப்பட்டதில்லை. பனிமூட்டம் இறங்கி, முன்கண்ணாடி வெள்ளைத் துணியாகிவிடும் நாள்களில், எஞ்சினின் முனகலைக் கொண்டே எந்த வளைவில் இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார். வரையாடுகள் சாலையில் நின்றால் ஒலிப்பானைத் தொடமாட்டார். வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். "அவங்க ஊருக்கு நாமதான் வந்திருக்கோம்" என்பார்.

மண்ணை இவ்வளவு அறிந்த அந்த மனிதர் எனக்கு அளித்த வாக்குறுதி வானத்தைப் பற்றியது. "நீ வேலைக்குப் போற காலத்துல காரெல்லாம் பறக்கும், கண்ணு." பிள்ளையை மகிழ்விக்கச் சொல்லும் கதை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தொடங்கிய இடத்தைப் பின்னாளில் அம்மாதான் சொன்னார்.

1983, ஐப்பசி மாதத்து மழை இரவு. தந்தையார் இரவுத் தங்கலுக்காக வால்பாறையில் பேருந்துடன் இருந்தார். தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. உடனே கீழே கொண்டு செல்ல வேண்டிய நிலை. வாடகைக்குப் பேசிய ஜீப் பாதியில் நின்றுவிட்டது. மேலதிகாரியைக் கேட்கத் தொலைபேசி இணைப்புக் கிடைக்கவில்லை. தந்தையார் கேட்காமலேயே பேருந்தை எடுத்தார். விரைந்தால் அந்தப் பெண்ணின் உடல் குலுங்கும். மெல்லச் சென்றால் பொழுது போய்விடும். விடியும் வேளையில் பொள்ளாச்சி சேர்ந்தார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அடுத்த வாரம் தந்தையார் கோவை மாவட்ட வரைபடம் ஒன்றை வாங்கி வந்தார். அளவுகோலை வைத்து வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. கோட்டின் அருகே '12 நிமிடம்' என்று எழுதினார்.

அதன் பிறகுதான் பறக்கும் கார்களின் படங்களைச் சேர்க்கத் தொடங்கினார். வார இதழ்களிலிருந்து வெட்டி, பழைய நோட்டு ஒன்றில் ஒட்டினார். அவருக்கு மிகவும் பிடித்தது ஏரோகார். அமெரிக்கரான மோல்ட்டன் டெய்லர், தந்தையார் பிறந்த 1949ஆம் ஆண்டிலேயே உருவாக்கியது. சாலையில் செல்லும்போது அதன் இறக்கைகளை மடக்கி, பின்னால் இழுவை வண்டியாகக் கட்டிக்கொள்ளலாம். அரசின் ஒப்புதல்கூட அதற்குக் கிடைத்தது. ஆயினும் ஆறு வண்டிகளுக்குமேல் உருவாகவில்லை. தந்தையார் இரண்டு தீப்பெட்டிகளை நூலால் இணைத்து, மேசைமேல் வளைத்துப் பார்த்து, "ஒன்பதாம் வளைவுல இது திரும்பாது" என்று தீர்ப்புச் சொன்னார். டெய்லருக்கு இதைவிடக் கண்டிப்பான தேர்வாளர் கிடைத்திருக்க மாட்டார்.

நோட்டில் துயரமான படமும் உண்டு. 1973இல் ஹென்றி ஸ்மோலின்ஸ்கி என்பவர் ஃபோர்டு பின்ட்டோ காருடன் செஸ்னா விமானத்தின் இறக்கைகளைப் பொருத்திப் பறந்தார். இறக்கையைத் தாங்கிய முட்டு கழன்று, வண்டி விழுந்து, அவரும் உடன் சென்றவரும் இறந்தனர். அந்தப் பக்கத்தைக் காட்டும்போது தந்தையார் ஒன்றே சொல்வார்: "ரோட்டுல வண்டி நின்னா சக்கரத்துக்குக் கல் வைக்கலாம். மேல எதை வைக்கிறது?"

இந்தக் கேள்வியில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. சாலையைப் பற்றிக்கொண்டு ஓடவும் மோதலைத் தாங்கவும் காருக்கு எடை வேண்டும். வானேறுவதற்கோ அந்த எடையே பகை. வானில் தாங்கும் இறக்கை, தரையில் காற்றடித்தால் வண்டியைத் தள்ளும். நான் பொறியியல் கல்லூரியில் கற்றதைத் தந்தையார் தீப்பெட்டியாலும் கல்லாலும் அறிந்திருந்தார். அறிந்திருந்தும் படங்களை ஒட்டிக்கொண்டே இருந்தார்.

2007இல் ஓய்வு பெற்றார், 2019இல் மறைந்தார். இரண்டாண்டுகள் கழித்து, 2021 ஜூன் 28 அன்று ஸ்லோவாக்கியாவில் ஸ்டெஃபான் கிளைன் உருவாக்கிய ஏர்கார், நித்ராவிலிருந்து பிராத்திஸ்லாவாவுக்கு 35 நிமிடங்களில் பறந்து சேர்ந்து, இறக்கைகளை மடக்கிக்கொண்டு நகர வீதியில் ஓடியது. அந்தச் செய்தியை ஒட்டுவதற்காக நோட்டைத் திறந்தபோது, தந்தையார் கடைசியாக ஒட்டியிருந்ததைக் கண்டேன். அது பறக்கும் கார் அன்று. 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 அவசர ஊர்தியின் படம். அதற்கும் நாற்பது வளைவுகள் உண்டுதான். ஆனால், உள்ளே உயிர்வளி உண்டு. உடனிருந்து பார்க்கப் பயிற்சி பெற்ற ஒருவர் உண்டு. படத்தின்கீழ் வழக்கமாக எழுதும் குறிப்பு எதையும் அவர் எழுதவில்லை.

அவர் ஓய்வு பெற்ற பின், ஒரு மாலையில் புறநானூற்றுப் பாடல் ஒன்றைப் பற்றி அவரிடம் பேசியது நினைவிருக்கிறது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. செலுத்துவோர் இல்லாமலே செல்லும் வானூர்தி ஒன்று அதில் வருகிறது என்றேன்.

"டிரைவர் இல்லாமலா? அப்ப எங்க பொழப்பு?" என்று சிரித்தார். பிறகு, "அதுல யாரு ஏறலாம்?" என்று கேட்டார்.

"செய்யவேண்டிய நல்லதைச் செஞ்சு முடிச்சு, புலவர் பாடுற அளவுக்குப் புகழோட இருந்தவங்கப்பா."

சற்று நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம பஸ்ல கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை. அதுல எப்படி, கண்ணு?" என்றார்.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.