பெயர் அழைக்கப்பட்ட நாள்

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே அமைந்த சிறு பட்டணம் சுங்கை சிப்புட். 2022ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், சனிக்கிழமை, அப்பட்டணம் வழக்கத்தைவிட முன்னதாகவே விழித்துக்கொண்டது. நாட்டின் 15ஆவது பொதுத்தேர்தல் நாள் அது. ஆயினும், வீட்டு அலுவல்கள் தேர்தலுக்காகக் காத்திருப்பதில்லை. மீனும் கீரையும் வாங்க வேண்டியவர்கள் பசாருக்கு வந்துகொண்டுதான் இருந்தனர்.

அக்கூட்டத்தில் அறுபத்தேழு வயது மூதாட்டி ஒருவரும், அவருடைய பதினெட்டு வயதுப் பேரனும் இருந்தனர். வாக்களித்துவிட்டுப் பிறகு கடைக்குச் செல்லலாம் என்பது பேரனின் எண்ணம். பாட்டியோ, "முதலில் மீன் வாங்கிவிடுவோம், ஐயா, நேரம் போனால் நல்ல மீன் கிடைக்காது" என்றார். மீன் வாங்கியாயிற்று. அடுத்து மளிகைக் கடைப் பாக்கி நினைவுக்கு வந்தது. அதன்பின் தையற்கடை. அது அடைத்துக் கிடந்தது. தையற்காரர் வாக்களிக்கத் தம் சொந்த ஊருக்குச் சென்றுவிட்டாராம். அலுவல் ஒன்றன்பின் ஒன்றாக முளைப்பதைக் கண்ட பேரனுக்கு உண்மை விளங்கியது. பாட்டி அஞ்சுகிறார்!

அச்சத்திற்குக் காரணம் இருந்தது. அவர் அதுவரை ஒருமுறைகூட வாக்களித்ததில்லை.

மலாயாவின் முதல் கூட்டரசுத் தேர்தல் நடந்த 1955ஆம் ஆண்டில்தான் அவர் பிறந்தார். தேர்தல்கள் வந்தன, போயின. அந்நாளில் வாக்காளராக விரும்புவோர் தாமே சென்று பதிந்துகொள்ள வேண்டும். விடியுமுன் மரத்தடிக்குச் சென்று, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்பிப் பிள்ளைகளைக் கவனித்த பெண்ணுக்கு அஞ்சலகம் சென்று படிவம் நிரப்ப எங்கே பொழுது? நிரப்பச் சொல்லித் தருவாரும் இல்லை.

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தியது. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. தகுதியுள்ள குடிமக்களின் பெயர்கள் தாமாகவே பட்டியலில் சேரவும் வழி பிறந்தது. 2021 டிசம்பர் 15ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. இப்பெருக்கத்தை இளைஞர்களின் வருகை என்றே பலரும் பேசினர். ஆனால், அவர்களுடன் நரைத்த தலைகளும் ஓசையின்றி உள்ளே நுழைந்தன.

ஒட்டுக்கடையில் பழைய தோட்டத்துத் தோழியர் இருவர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யாருக்குக் கால்வலி என்றெல்லாம் பேச்சு வளர்ந்தது. வாக்கு யாருக்கு என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மையிட்ட விரலை நீட்டிக் காட்டிய ஒருத்தி, "இதற்கா பயப்படுகிறாய்? பால்கத்தியைவிடவா பேனா பெரிது?" என்றாள். மீன்கூடையைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பாட்டி எழுந்தார்.

வாக்களிப்பு மையம் ஒரு பள்ளிக்கூடம். அங்கே வயது வரிசைப்படி அறைகள் பிரிக்கப்பட்டிருந்தன. முதியோருக்கு முதல் அறை. இளையோருக்குக் கடைசி அறை. பேரன் பிரிந்து செல்ல, பாட்டி தனியே நின்றார். சுவரில் பெருக்கல் வாய்பாடு தொங்கியது.

முதல் எழுத்தர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பின், கட்சி முகவர்களும் கேட்கும்படி, அவர் பெயரையும் தந்தையின் பெயரையும் உரக்கப் படித்தார்.

"உள்ளேன் ஐயா!" என்றார் பாட்டி.

எழுத்தருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் அறிந்த முகவர் ஒருவர் புன்னகைத்தார். பாட்டியின் கண்களோ கலங்கியிருந்தன. அவர் வாழ்வில் பெயர் அழைக்கப்பட்ட இடங்கள் இரண்டே. ஒன்று தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. ஆறாம் வகுப்போடு அந்தப் பதிவேட்டில் அவர் பெயர் நின்றது. மற்றொன்று விடியற்காலைப் பெரட்டு. தந்தை பெயர் ஒலித்த அதே களத்தில் பிறகு அவர் பெயரும் ஒலித்தது. பால்மரங்கள் வெட்டப்பட்டபோது அதுவும் நின்றது. அங்கெல்லாம் பெயரை அழைத்தபின் கட்டளை வரும். இங்கோ, பெயரை அழைத்தபின் அவருடைய விருப்பத்தைக் கேட்டார்கள்.

இடக்கைச் சுட்டுவிரலில் மை பூசப்பட்டது. நாடாளுமன்றத்திற்கு ஒன்று, சட்டமன்றத்திற்கு ஒன்று என இரண்டு சீட்டுகள் கைக்கு வந்தன. மறைவில் சில நொடிகளே நின்றார்.

வெளியே காத்திருந்த பேரன் தன் விரலை உயர்த்திக் காட்டினான். "நம் இருவருக்கும் இதுதான் முதல் தடவை, பாட்டி!"

"எனக்கு அறுபத்தேழு வயது ஆயிற்று, உனக்குப் பதினெட்டிலேயே கிடைத்தது. விட்டுவிடாதே, ஐயா" என்றவர், "நட, மீன் கெட்டுவிடும்" என்று முன்னே நடந்தார்.

அத்தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டவில்லை. ஐந்து நாள் கழித்தே பிரதமர் பதவியேற்றார். ஒரு வாக்கு நாட்டை மாற்றிவிடும் என்று மாணவர்க்குச் சொல்வது மிகை. ஆனால், ஒரு வாக்கு ஒரு மனிதரைத் தலைநிமிரச் செய்யும் என்று தயங்காமல் சொல்லலாம்.

பதிவேட்டை விரித்து நாள்தோறும் பெயர் அழைக்கும் ஆசிரியர்கள் ஒன்றை நினைவில் கொள்வது நலம். அங்கே "உள்ளேன்" என்று சொல்லப் பழகும் நாவுதான், ஐம்பது ஆண்டு கழித்தாலும், நாடு அழைக்கும்போது விடை சொல்கிறது. அந்தப் பெயரைத் தெளிவாகவும் அன்பாகவும் அழைப்போமாக!