மூச்செடுக்க வந்தது

சென்ற சித்திரை விடுமுறையில், நாமும் நம்முடன் கற்பிக்கும் நண்பர் இருவரும் திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் திமிங்கிலம் பார்க்கச் சென்றோம். படகு இருபது அடி நீளம் இருக்கும். ஓட்டியவர் அறுபதை அண்டியவர். போர்க்காலத்தில் 'பாஸ்' இன்றிக் கடலில் இறங்க முடியாதிருந்த நாட்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

திருகோணமலைக் கடல் தனித்தன்மை வாய்ந்தது. துறைமுகத்துக்கு அண்மையிலேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கொன்று தொடங்குகின்றது. அதனாலேயே நீலத் திமிங்கிலம் இங்கே கரைக்கு அணித்தாக வருகின்றது; கோணேசர் மலையில் நின்றே அதன் மூச்சைக் கண்டவர்கள் உண்டு.

ஒன்றரை மணி நேரம் எதனையும் காணோம். வெயில் ஏறிற்று. ஆசிரியச் சம்பளத்தில் கொடுத்த படகுக் கூலி மனத்திலே கணக்காக ஓடிற்று. அப்போது தொலைவில் வெண்புகை போன்று ஒன்று எழுந்தது. வேறு மூன்று படகுகள் அதனை நோக்கிப் பாய்ந்தன. "விடுங்கோ அண்ணை, நாங்களும் கிட்டப் போவம்!" என்று முதலிற் கூவியவர் நாமே. மறைப்பதற்கில்லை.

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"துரத்தினால் தாண்டுபோகும், மாஸ்டர். அது மூச்செடுக்கத்தான் மேல வருது. மூச்செடுக்க வந்ததை விரட்டலாமோ?"

நூறு மீற்றருக்குள் நெருங்கலாகாதென 2012இல் வந்த விதி உண்டு. அவர் விதியைச் சொல்லவில்லை.

ஏனைய படகுகள் வெறுங்கடலைச் சுற்றிவிட்டு அகன்றன. நாம் அலையில் ஆடியபடி கிடந்தோம். சிறிது நேரத்தில், படகின் வலப்புறத்தே நீர் இளநீலமாக வெளிறியது. பின்னர் பெருமூச்சொன்று, மீன்வாடை கலந்த ஈரம் முகத்தில் விழுந்தது. சாம்பல் நீல முதுகு எழுந்து, நகர்ந்து, மேலும் நகர்ந்து, முடிவதாகவே தோன்றவில்லை. நம் படகைப்போல் மூன்று மடங்கு நீளம் இருக்கலாம். இறுதியில் வால் உயர்ந்து நீரொழுகி ஓசையின்றி அமிழ்ந்தது. ஒருவரும் படமெடுக்கவில்லை, கைகள் அதனை மறந்திருந்தன.

திரும்பும் வழியில், முன்னர் படித்தவொன்று நம்மை உறுத்தியது. முதலாளித்துவ நாட்டுக் கம்பனிகள் தென்துருவக் கடலிலே திமிங்கிலங்களைக் கொன்று குவித்த கதையை வகுப்பிற் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆனால் 1963 முதல் 1966 வரை சோவியத் கப்பல்களும் சர்வதேச விதிகளை மீறி, வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. திட்ட இலக்கை எட்ட வேண்டும் என்பதே குறி. உலகுக்குப் பொய்க்கணக்குக் காட்டப்பட்டது. அக்கப்பல்களிற் பணியாற்றிய விஞ்ஞானிகள் மறைத்து வைத்திருந்த உண்மைக் குறிப்புகளை 1990களில் வெளியிட்டபோதே செய்தி வெளிவந்தது. இதனை நாம் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. நம்மவர் செய்தது என்ற கூச்சம் போலும். கொடுத்த கூலிக்குத் திமிங்கிலம் கேட்டுக் கூவியபோது நாம் வைத்திருந்ததும் ஓர் இலக்குத்தானே!

கரையில் இறங்கியதும், அடுத்த முறை மாணவர்களை அழைத்து வரலாமா என்று அண்ணையைக் கேட்டோம்.

"கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார், கயிற்றைக் கட்டியவாறே. "பிள்ளையள் கத்தமாட்டினம். மாஸ்டர்மார்தான்..."