விருந்தாளி வந்தால் கட்டுப்படியாகுமா?

‘தோட்டத்தில் ரெண்டு அறை கட்டி வாடகைக்கு விடலாமா சார்?’ உரச் சந்தேகத்தோடு இந்தக் கேள்வியும் இப்போது வருகிறது. ஐப்பசியில் லீவு போட்டு, மனைவியோடு திம்பம், மைசூரு வழியாகக் காரில் குடகு போய், மூன்று காபித் தோட்ட வீடுகளில் தங்கினேன்.

விராஜ்பேட்டை பக்கத்து வீடுதான் மனதில் நிற்கிறது. அரபிக்கா பழம் சிவக்கத் தொடங்கியிருந்தது. ரொபஸ்டா இன்னும் பச்சைக்காய். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. இரவு கடம்புட்டும், கச்சம்புளி விட்ட பன்றிக்கறியும். (மனைவிக்குக் காய்க்குழம்பு!) அரிசி அவர்கள் வயலில் விளைந்தது. காபிக்கு வருஷத்தில் ஒரே அறுவடை. பறிப்புக் கூலியை அதற்கு முன்பே புரட்ட வேண்டும். முன்பு வட்டிக்கு வாங்கினார்களாம். இப்போது அறை வாடகை அதைத் தாங்குகிறது. ஆனால் 2018 ஆகஸ்ட் நிலச்சரிவுக்குப் பிறகு மாதக்கணக்கில் ஒருவரும் வரவில்லை என்றார் அந்த வீட்டம்மா. கறவை மாடுதான் கைகொடுத்ததாம்.

இன்னொரு வீட்டில் நெல்வயலை மண்ணடித்து மேடாக்கி, கார் நிறுத்துகிறார்கள். சாப்பாட்டுக்குக் கடை அரிசி. எனக்குச் சோறு இறங்கவில்லை. வருமானத்தில் விருந்தாளி ஊடுபயிராக இருக்கலாம்; வயலையே கொடுத்துவிட்டால் ஆள் வராத வருஷம் எதைச் சாப்பிடுவது?

கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். கடன் வாங்கிக் கட்டாதீர்கள். இருக்கிற வீட்டில் ஒரே அறையோடு தொடங்குங்கள். முதல் செலவு கழிப்பறைக்கு. மருந்தடித்த நாட்களில் வெளியாட்களைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். அனுமதி விவரத்தை ஊராட்சியிலும் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்திலும் கேளுங்கள். அதற்கும் முன்னால் வீட்டம்மாவைக் கேளுங்கள். மூன்று வீட்டிலும் காலை ஐந்து மணிக்கே அடுப்படியில் விளக்கு எரிந்தது.