காட்டுத் தீயும் கம்பியில்லாச் செய்தியும்

காட்டுத் தீயைப் பற்றிய செய்தி பத்திரிகை அலுவலகத்தை வந்தடையும்போது அநேகமாகத் தீ அணைந்திருக்கும். அல்லது அணைக்க இயலாத அளவுக்குப் பரவியிருக்கும். நீண்ட காலம் செய்தி மேசையில் இருந்தவன் என்ற வகையில் இது எனக்கு நன்கு பழகிய விடயம். ஊவா மாகாணத்திலிருந்து வறட்சிக் காலங்களில் ஒரே மாதிரியான செய்திகள் வந்துகொண்டிருக்கும். பண்டாரவளையில் தீ, அப்புத்தளையில் தீ, எல்லவில் தீ. இடத்தின் பெயரையும் ஏக்கர்க் கணக்கையும் மாற்றினால் சென்ற ஆண்டுச் செய்தியே இவ்வாண்டுக்கும் பொருந்திவிடும். தீ எப்போது மூண்டது என்ற கேள்விக்கு மாத்திரம் சரியான விடை கிடைப்பதில்லை. "பிற்பகலில் புகை தெரிந்தது" என்பார் பிரதேச நிருபர். புகை தெரிந்த நேரமும் தீ மூண்ட நேரமும் ஒன்றல்ல என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த இடைவெளியைச் சுருக்குவதற்கு எடுக்கப்படும் முயற்சி ஒன்றை அண்மையில் நேரிற் காணும் வாய்ப்புக் கிட்டியது. நண்பர் ஒருவரின் மகன் பொறியியல் பயில்கிறார். அவரும் சக மாணவர் மூவரும் அப்புத்தளைக்கு அப்பாலுள்ள மலைச்சரிவு ஒன்றில் தீயை உணரும் சிறு கருவிகளைப் பொருத்தி, அவற்றிலிருந்து கம்பியில்லாமற் செய்தி வந்து சேருகிறதா என்று சோதிக்கச் சென்றார்கள். "அங்கிள், நீங்களும் வாருங்கள், நடை மாத்திரம் கொஞ்சம் அதிகம்" என்றார். நடை கொஞ்சம் அல்ல, நிறையவே அதிகம். ஆயினும் போனது வீண்போகவில்லை.

அந்த மலைகள் ஏன் எரிகின்றன என்பதை முதலிற் கூறிவிடுகிறேன். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது உலர்ந்த காற்றாகிவிடுகிறது. கிழக்கிலங்கை மக்கள் கச்சான் காற்று என்று சொல்வது இதையே. ஜூலை முதல் செப்டெம்பர் வரை இக்காற்று வீசுகையில் மானாப்புல் காய்ந்து சருகாகிறது. பைனஸ் மரங்களின் கீழே ஊசி இலைகள் மெத்தைபோற் படிந்து கிடக்கின்றன. நெருப்பை வைப்பது பெரும்பாலும் மனிதரே. மாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்று வைப்பவர் உண்டு. வேட்டைக்காக வைப்பவர் உண்டு. ஒன்றுக்குமில்லாமல் வைப்பவரும் உண்டு. வழியிற் சந்தித்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "ஐயா, இந்த மானாப் புல்லு காஞ்சிருச்சினா ஒரு பீடித் துண்டு போதும்" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்த அறிக்கையும் கூறிவிட முடியாது.

செய்மதிகள் பார்க்கின்றனவே என்று கேட்கலாம். பார்க்கின்றன. 2011 இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட சுவோமி செய்மதியிலுள்ள வீர்ஸ் என்னும் கருவி, ஒரு புள்ளிக்கு 375 மீற்றர் என்ற அளவில் பூமியின் வெப்பத்தை அளந்து தருகிறது. ஆனால் இத்தகைய செய்மதிகள் ஓரிடத்துக்கு மேலாக நாளொன்றுக்குச் சில தடவைகளே கடந்து செல்கின்றன. மரங்களின் அடியிற் புகைந்துகொண்டிருக்கும் சருகை அவை காண்பதில்லை. ஆகவேதான் தரையிலேயே மூக்கை வைக்கும் எண்ணம் பிறந்தது. ஜேர்மனியின் பேர்லினுக்கு வடகிழக்கேயுள்ள எபர்ஸ்வால்ட் காடுகளில், 2020 இல் தொடங்கப்பட்ட டிரையட் என்னும் நிறுவனம் இத்தகைய கருவிகளை மரங்களிற் கட்டிச் சோதித்தது. சுவாலை எழுமுன்பே, புகையும் நிலையில் வெளிப்படும் ஐதரசன், காபனோரொட்சைட்டு போன்ற வாயுக்களை அவை முகர்ந்து அறிகின்றன. சிறிய சூரியத் தகடே அவற்றுக்குச் சக்தி தருகிறது.

முகர்ந்து அறிந்தால் போதுமா? அறிந்ததைச் சொல்லவும் வேண்டும். இங்கேதான் நுழைவாயில் என்னும் கருவி வருகிறது. ஆங்கிலத்தில் இதனைக் கேட்வே என்கிறார்கள். பல மரங்களிலுள்ள உணரிகள் அனுப்பும் மெல்லிய வானொலிச் செய்திகளை உயரமான ஓரிடத்திலிருந்து பெற்று, இணையத்தின் வழியே நகரத்துக்குச் சேர்ப்பது இதன் பணி. இதற்கு லோரா என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். பிரான்சின் கிரெனோபிள் நகரில் சிக்லியோ என்னும் சிறு நிறுவனம் உருவாக்கிய இம்முறையை, 2012 இல் அமெரிக்காவின் செம்டெக் நிறுவனம் வாங்கியது. மிகக் குறைந்த மின்சக்தியில் பல கிலோ மீற்றர் தூரம் எட்டுவது இதன் சிறப்பு. சூழவுள்ள வானொலி இரைச்சலைவிட நூறு மடங்கு மெல்லியதான ஒலியைக்கூட, அதன் மிக மெதுவான பேச்சுமுறையில் இக்கருவி பிரித்தறிந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. விரைவாகப் பேசும்போது ஒரு செக்கனின் பதினைந்தில் ஒரு பங்கில் முடியும் சிறுசெய்தி, மெதுவாகப் பேசும்போது ஒரு செக்கனுக்கும் மேலாக நீள்கிறது. அதற்கேற்பப் பற்றரியும் கரைகிறது.

மாணவர் செய்த சோதனை பார்ப்பதற்கு எளிமையானது. முகட்டில் ஒரு கம்பத்தை நட்டு நுழைவாயிலைப் பொருத்தினார்கள். ஒருவர் கணனியோடு அங்கேயே அமர்ந்துகொண்டார். ஏனையோர் உணரியொன்றை ஏந்திக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். குறித்த தூரத்துக்கு ஒரு தடவை நின்று, உணரியை மரத்தில் கட்டி, இலக்கமிட்ட செய்திகளை அனுப்பினார்கள். எந்த இலக்கம் வந்தது, எது வழியில் தொலைந்தது, வந்தது எவ்வளவு வலுவோடு வந்தது என்பதை முகட்டிலிருந்தவர் பதிவுசெய்தார். இதையே மீண்டும் மீண்டும் செய்தார்கள்.

நான் சில விடயங்களை அன்று கற்றுக்கொண்டேன். அப்புத்தளை மூடுபனிக்குப் பேர்போனது. பனி வந்து மூடியபோது, இனிச் செய்தி வராதோ என்று கேட்டேன். இந்த மீடிறனில் பனி ஒரு பொருட்டே அல்ல என்றார்கள். தடையாவது நனைந்த இலை. இலையிலுள்ள நீர் வானொலி அலையை விழுங்குகிறது. கண்ணுக்கு முகடு தெரிந்தாற் போதும் என்பதும் சரியன்று. ஆசிய நாடுகள் பலவற்றில் லோராவுக்குப் பயன்படும் 923 மெகாஹேர்ட்ஸ் அளவில், இரண்டு கிலோ மீற்றர் இடைவெளியின் நடுவே, நேர்கோட்டைச் சுற்றிலும் ஏறக்குறைய 13 மீற்றர் ஆரையுள்ள வெளி தேவைப்படுகிறது. அதன் பெரும்பகுதி திறந்திருந்தாற்றான் அலை வலுக்குன்றாமற் சேரும். ஓரிடத்தில் முகடு தெளிவாகத் தெரிந்தது. செய்தி தட்டுத்தடுமாறியே போனது. இன்னோர் ஓடைப் பள்ளத்தில் இறங்கியபோது ஒன்றுமே போகவில்லை. அந்தப் பள்ளத்திலேதான் பைனஸ் சருகு முழங்காலளவு கிடந்தது.

அந்தப் பள்ளத்தில் நின்றபோது என் எண்ணம் வேறெங்கோ சென்றது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துடனான தொலைபேசித் தொடர்பு அறுந்தது. ஆண்டுக்கணக்கில் அந்நிலை நீடித்தது. கொழும்பிலே பக்கங்களை முடிக்கும் வேளையில், "வடக்கிலிருந்து இன்று செய்தி இல்லை" என்று யாராவது சொல்வார்கள். எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு தடவையும் அதைத் திருத்துவார். "செய்தி இல்லை என்று சொல்லாதே, செய்தி வரவில்லை என்று சொல்." இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு உயிர்களைப் பற்றியது என்பதை அக்காலத்தவர் அறிவர். மௌனத்தை அமைதி என்று வாசித்தவர்கள் கொழும்பில் ஏராளம் பேர் இருந்தார்கள்.

தீ உணரும் வலையமைப்புக்கும் இதே நியாயம்தான். உணரி பேசாமலிருக்கிறது. தீ இல்லையா, தொடர்பு இல்லையா? இதைப் பிரித்தறிய முடியாத வலையமைப்பு, இல்லாததைவிடக் கேடானது. ஏனெனில் அது மக்களைப் பாதுகாப்பாக இருப்பதாக நம்பவைக்கிறது. இதனாலேயே ஒவ்வோர் உணரியும் குறித்த நேரத்துக்கொரு தடவை, தீ இருந்தாலும் இல்லாவிட்டாலும், "நான் இருக்கிறேன்" என்று ஒரு சிறு செய்தி அனுப்ப வேண்டும் என்கிறார்கள். அது வராது போனால் அதுவே ஓர் எச்சரிக்கை. நுழைவாயிலுக்கும் இது பொருந்தும். அதன் கைத்தொலைபேசி இணைப்பு அறுந்தால், மின்சாரம் நின்றால், அதன் கீழுள்ள அத்தனை மரங்களும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. அமைதியான ஒரு நாளில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் செய்திகளைப் பெறுவது கடினமன்று. தீ மூண்ட நேரத்தில் அயலிலுள்ள உணரிகள் யாவும் ஒருமித்துக் கூவும். இம்முறையிற் பொதுவாக ஒன்று மற்றொன்றைக் கேட்டுக் காத்திருப்பதில்லை. செய்திகள் ஒன்றோடொன்று மோதி அழிந்துபோகலாம். 2004 டிசெம்பர் 26 அன்று தொலைபேசி இணைப்புகள் திணறிப்போனதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே அனைத்தையும் ஒரே நொடியில் கூவவைத்தும் சோதிக்க வேண்டும். மாணவரிடம் இருந்தவை சில உணரிகளே. அடுத்த தடவை இதைச் செய்வதாகக் குறித்துக்கொண்டார்கள்.

அந்த 2004 ஆம் ஆண்டு வேறொரு பாடத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. சுமாத்திரா அருகே பூமி அதிர்ந்ததை ஹவாயிலிருந்த சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏறத்தாழ 15 நிமிடங்களில் அறிந்து அறிவித்தது. அலை எமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. கருவி கண்டது, செய்தியை எடுத்துச் செல்ல இந்து சமுத்திரத்தில் ஒரு வலையமைப்பு இருக்கவில்லை. எம் நாட்டில் மாத்திரம் 30,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வலையமைப்பு இருந்தும் பயனில்லாத நிலையும் உண்டு. நாங்கள் நின்ற முகடுகளிலிருந்து அதிக தூரமில்லாத கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண் சரிந்து லயன்களை மூடியது. அங்கு வாழ்வது ஆபத்து என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் விடுக்கப்பட்டிருந்தது. கடிதம் சென்றது, குடும்பங்கள் அங்கேயே இருந்தன. போவதற்கு அவர்களுக்கு வேறு நிலம் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

எனவே வாசக நண்பர்களே, உணரியிலிருந்து நுழைவாயில், நுழைவாயிலிலிருந்து நகரம் என்பதோடு சோதனை முடிந்துவிடுவதில்லை. நகரத்திலிருந்து மீண்டும் அந்த மலையடிவாரத்துக்கு வரும் வழியையும் சோதிக்க வேண்டும். நள்ளிரவில் எச்சரிக்கை வந்தால் யாருடைய தொலைபேசி ஒலிக்கும்? அந்தச் செய்தி எந்த மொழியில் இருக்கும்? சரிவிலுள்ள லயன்களில் வாழ்பவர்கள் தமிழர்கள். அவர்களால் வாசிக்க இயலாத மொழியில் வரும் எச்சரிக்கை, அந்த ஓடைப் பள்ளத்தில் தொலைந்த செய்திக்குச் சமமே. செய்தி கிடைத்தவர்களுக்குத் தீத்தடுப்பு வரம்பு வெட்டக் கருவிகளும் பயிற்சியும் உண்டா என்பது அடுத்த கேள்வி.

இதைத் திரும்பி வரும் வழியில் மாணவர்களிடம் சொன்னேன். ஓர் இளைஞர் தமது குறிப்பேட்டில், வந்த இலக்கங்கள், வராத இலக்கங்கள் என்று பிரித்திருந்த பத்திகளுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியை வரைந்து, "கிடைத்தவர் யார்?" என்று தலைப்பிட்டார். அந்தப் பத்தி இப்போதைக்கு வெறுமையாகவே இருக்கிறது. அதை நிரப்புவது மாணவரின் வேலையன்று. பிரதேச செயலகமும் வனத்துறையும் தோட்ட நிர்வாகமும் ஒன்றாக அமர்ந்து நிரப்ப வேண்டிய பத்தி அது. அடுத்த கச்சான் காற்று வீசத் தொடங்குமுன் அதைச் செய்வார்களாயின் நன்று.