ஓட்டை விழாத பத்திரங்கள்

மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்கு வருகிறவர்கள் மரப்பெட்டிக்கும் வெண்கல விளக்குக்கும் விலை கேட்பார்கள். அவர் கேட்பது காகிதம். மிளகுக் கமிஷன் கடையில் முப்பது வருஷம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். புதையலும் பொன்னும் தேடிப் போய் மூழ்கிய கம்பெனிகளின் பங்குப் பத்திரங்களைச் சேர்ப்பது அவரது பொழுதுபோக்கு.

இந்த ஆசை பழையது. 1687-ல் வில்லியம் ஃபிப்ஸ், மேற்கிந்தியக் கடலில் மூழ்கிக் கிடந்த ஸ்பானியக் கப்பலிலிருந்து வெள்ளியை அள்ளிக்கொண்டு லண்டன் திரும்பினார். உடனே புதையல் கம்பெனிகள் பல முளைத்தன. பெரும்பாலானவை எதையும் கண்டெடுக்கவில்லை.

அவருக்கு நெருக்கமான கதை வயநாட்டுத் தங்கம். இன்று நீலகிரி மாவட்டத்திலுள்ள தேவாலா, பந்தலூர் பகுதியில் 1874-ல் ஆல்ஃபா கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நிபுணர் பிராஃப் ஸ்மித் 1880-ல் நம்பிக்கையூட்டும் அறிக்கை தந்தார். லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. முதலீடு 40 லட்சம் பவுண்டுக்கு மேல். நொடித்த காபித் தோட்டங்கள்கூட தங்க நிலமென்று பெருவிலைக்குக் கைமாறின. பாறையை இடித்துப் பார்த்தபோது, செலவுக்குக்கூடப் பொன் தேறவில்லை. சில வருஷங்களில் எல்லாம் ஓய்ந்தது.

"எல்லோரையும் முட்டாள் என்று சொல்ல முடியாது" என்கிறார் அவர். அதே 1880-ல் தொடங்கிய மைசூர் கோல்ட் மைனிங் கம்பெனியும் ஏறக்குறைய மூடும் நிலைக்கு வந்ததுதான். பிறகு கோலாரில் பொன் கிடைத்தது. அங்கே சுரங்கம் 2001 வரை நடந்தது.

பத்திரத்தைக் கையில் வாங்கியதும் அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பணம் திரும்பக் கிடைத்தாலோ பங்கு கைமாறினாலோ, பத்திரத்தில் ஓட்டை போட்டோ முத்திரை குத்தியோ ரத்து செய்வது வழக்கம். ஓட்டை விழாத பத்திரம் என்றால், பெரும்பாலும் வைத்திருந்தவர் கையிலேயே அது செத்துப்போனது என்று அர்த்தம். சேகரிப்பவர்கள் விரும்பித் தேடுவது அதைத்தான்.

விடுமுறைக்கு வந்திருந்த மகள் ஆல்பத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் லண்டன் இல்லை. 1996 தேதியிட்ட தேக்குத் தோட்டக் கம்பெனிச் சான்றிதழ். இருபது வருஷத்தில் ஒரு மரம் லட்சமாகும் என்று விளம்பரம் செய்த காலம் அது. இத்தகைய திட்டங்களுக்கு 'செபி' 1999-ல் விதிமுறை கொண்டுவந்தபோது அந்தக் கம்பெனியின் கதவில் பூட்டு தொங்கியது. மகள் கல்யாணத்துக்கென்று ஒதுக்கிய பணம். கல்யாணத்தின்போது மனைவியின் வளையல்கள்தான் கைகொடுத்தன.

"இதை ஏம்ப்பா இதுல வச்சிருக்கீங்க?"

"இதுவும் ஓட்டை விழாததுதானே, அம்மா."

ஒவ்வொரு பக்கத்தின் கீழும், வாங்கிய விலையை அவர் பென்சிலால் குறித்திருக்கிறார். கடைசிப் பக்கத்திலும் விலை இருக்கிறது: ரூ. 40,000. அந்தக் கையெழுத்து மட்டும் அவருடையதல்ல, மனைவியுடையது.